திரைக்குப் பின்னால் நாற்பது பேர்

9-6-2025, திங்கள்.

இன்று ஒரு சிறு தவறு செய்துவிட்டேன். கரட்டுப்புதூர் சின்னண்ணன் வீட்டுப் படிவத்தில், 'இங்கே வசிப்போர்' என்ற இடத்தில், அவருடைய கோழிப்பண்ணையில் தங்கி வேலை செய்கிற ஒடிசாக் குடும்பத்தையும் சேர்த்து எழுதிவிட்டேன். புருஷன், பெண்டாட்டி, ஒரு பெண் குழந்தை. ஒரே கேட்டு, ஒரே கரண்டு மீட்டர் என்பதால் அப்படித் தோன்றியது. இயக்குநர் சிவப்பு மையால் அடித்துவிட்டார். எழுதியது தவறா, அடித்தது தவறா என்று பஸ்ஸில் வரும்போது யோசித்தேன். அவர் படித்தவர். நான் எழுதியதுதான் தவறாக இருக்கும்.

இவ்வளவை எழுதிவிட்டு அறிவுச்செல்வி பேனாவை மூடினாள். திருச்செங்கோட்டில் ஒரு பேக்கரிக்கு மேல்மாடியில் நடக்கும் போட்டித் தேர்வு மாலை வகுப்பு அது. ஆசிரியர் இன்னும் வரவில்லை. தினம் அரைப் பக்கம் எழுதினால் கை பழகும் என்று அவர் ஒருநாள் சொன்னபோது வகுப்பு மொத்தமும் தலையாட்டியது; இவள் மட்டும் எழுதினாள். சொன்னதைச் செய்யாமல் விட்டுவிட்டு நிம்மதியாக இருப்பது எப்படி என்று அவளுக்குத் தெரியாது.

பகலில் அவள் நாமக்கல்லில் இருக்கும் பொதுமக்கள் மனப்பான்மை அளவீட்டு மையத்தில் தற்காலிகக் களப்பணியாளர். ஆறு மாதத்துக்கு ஒருமுறை இயக்குநர் கையெழுத்துப் போட்டால் வேலை நீளும். போடாவிட்டால் மல்லசமுத்திரத்தில் அப்பாவின் தறிக்குப் பக்கத்தில் போய் நிற்க வேண்டியதுதான். மையம் இருந்தது லாரிக்குப் பாடி கட்டும் பட்டறை ஒன்றுக்கு எதிரே, வாடகைக் கட்டிடத்தில். அங்கே எந்தக் கூட்டம் நடந்தாலும் சுத்தியல் சத்தம் ஓயும் இடைவெளிகளில்தான் பேச முடியும். அதனால் மையத்தின் தீர்மானங்கள் எல்லாமே துண்டு துண்டாக இருந்தன.

மையம் பிறந்த கதை சுருக்கமானது. அங்கன்வாடி, சத்துணவு, ரேஷன் என்றால் முகம் மலர்ந்துகொண்டிருந்த மக்கள் கொஞ்ச காலமாக முகம் சுளிக்கிறார்கள் என்று மேலிடத்துக்கு ஒரு தகவல் போயிற்று. எவ்வளவு சுளிக்கிறார்கள் என்று அளக்க ஓர் இடம் வேண்டும் என்று முடிவானது. ஏன் சுளிக்கிறார்கள் என்று கேட்பது வேறொரு துறையின் வேலை. அந்தத் துறை இன்னும் தொடங்கப்படவில்லை.

அன்று காலை இயக்குநர் வெள்ளியங்கிரி படிவத்தை மேசையில் போட்டு அவளைக் கூப்பிட்டார்.

"இவங்க எங்கம்மா இருக்காங்க?"

"பண்ணையிலதாங்க சார்."

"பண்ணை?"

"ஊர்லதாங்க சார்."

"பண்ணை ஊர்ல இருக்கு. அவங்க பண்ணையில இருக்காங்க. அதனால அவங்க ஊர்ல இருக்காங்கன்னு ஆயிருமா? இப்படி யோசிச்சுத்தான் பரிட்சையில உங்களுக்கெல்லாம் மார்க்கு போகுது."

போன பரீட்சையில் அந்த மாதிரிக் கேள்விகளில்தான் அவளுக்கு மார்க் போயிருந்தது. அதனால் தலையைக் குனிந்துகொண்டாள். வெள்ளியங்கிரி கெட்ட மனிதர் அல்ல. கோபிப் பக்கம் சொந்த ஊர். இங்கே மாற்றலாகி வந்ததால் வெளியூர்ப் படி வாங்கிக்கொண்டிருந்தார். பிழைப்புக்காக ஊர்விட்டு ஊர் வந்தவனுக்குச் செலவு கூடுதல், அரசு கைகொடுக்காவிட்டால் யார் கொடுப்பார்கள் என்று அவர் அடிக்கடி உருக்கமாகச் சொல்வார்.

களத்துக்குப் போகும்போது எடுத்துச் செல்ல அவளுக்கு இரண்டு பொருள்கள் கொடுத்திருந்தார்கள். ஒன்று முகப்பலகை. சிரித்த முகத்தில் தொடங்கிக் கடுகடுத்த முகம் வரைக்கும் வரிசையாக வரைந்து, நடுவில் ஒரு முள் வைத்த பலகை. கேள்வியைக் கேட்டதும் மக்கள் முள்ளைத் தங்கள் மனத்துக்கு ஏற்ற முகத்தின் மேல் தள்ள வேண்டும். இன்னொன்று மாதிரி முட்டை. அங்கன்வாடிக்கு வரும் முத்திரை குத்திய முட்டையில் ஒன்றை அவித்து, பஞ்சு வைத்த எவர்சில்வர் டப்பாவில் வைத்திருந்தார்கள். பொருளைக் கண்ணால் பார்க்காமல் சொல்வது வெறும் பேச்சு, பார்த்துவிட்டுச் சொல்வதுதான் மனப்பான்மை என்பது மையத்தின் கொள்கை. ஒரு ஊருக்கு ஒரு முட்டை. வேலை முடியும்வரை மாற்றக் கூடாது. முட்டை மாறினால் அளவும் மாறிவிடுமாம். கரட்டுப்புதூரில் நான்காம் நாளே நாய்கள் அவள் பின்னால் வர ஆரம்பித்தன.

சின்னண்ணன் பண்ணையில் முட்டை அட்டைகள் ஆள் உயரத்துக்கு அடுக்கியிருந்தன. நடுவில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தவர், அவள் டப்பாவைத் திறந்ததும் மூக்கைப் பொத்திக்கொண்டார்.

"ஏம்மணி, எனக்கே முட்டை காட்டறயா?"

"சட்டம்ங்க. பாத்துட்டுத்தான் சொல்லோணும்." அவள் படிவத்தைப் பார்த்து வாசித்தாள். "இதை அங்கன்வாடிக் குழந்தைகளுக்கு அரசு இலவசமாகக் கொடுப்பது பற்றித் தங்கள் மனம் என்ன சொல்கிறது?"

"நெம்ப நல்ல திட்டமுங்க." முள்ளைச் சிரித்த முகத்துக்குத் தள்ளினார். "எங்க பண்ணை முட்டையும் அதுல போகுதல்ல."

"வெளி மாநிலத்திலிருந்து வந்து வேலை செய்பவர்களின் குழந்தைக்கும் கொடுப்பது பற்றி?"

முள் ஒரே தள்ளில் கடைசி முகத்துக்குப் போய்விட்டது. "அதெப்படிங்க? ஓசியில போட்டா இன்னும் பத்துக் குடும்பம் ரயிலேறி வந்துரும்."

"வந்தா உங்களுக்கு நல்லதுதானுங்களே. ஆள் கெடைக்கலேன்னு இப்பத்தான் ஏஜெண்டுக்கு போன் பண்ணிட்டிருந்தீங்க."

"ஆளு வரோணும் அம்மணி. புள்ளையும் தட்டமும் எதுக்கு வருது?"

அவர் மனைவி பாப்பாயி மோர் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, போனில் பேத்தியின் வீடியோவைக் காட்டினாள். மகன் கனடா போய் மூன்று வருஷம்தான் ஆகிறது. குழந்தை கனிஷ்கா பனியில் விழுந்து விழுந்து எழுந்தாள்.

"அங்கெல்லாம் கவர்மெண்டே புள்ளைக்கு மாசாமாசம் பணம் போட்டு உடுதாம் கண்ணு. வந்தவங்க, இருக்கறவங்கன்னு பாக்கறதில்லையாம். நாகரிகமான சனங்க."

முள் கடுகடுத்த முகத்தின் மேல் அப்படியே இருந்தது. அறிவுச்செல்வி பாப்பாயியைப் பார்த்தாள், முள்ளைப் பார்த்தாள், எதை எழுதுவது என்று தெரியாமல் மோரைக் குடித்தாள்.

டீக்கடையில் சென்றாயன் இருந்தார். போர்வெல் லாரியில் போகிறவர். வருஷத்தில் பாதி நாள் சத்தீஸ்கரில் மண்ணைத் துளைத்துக்கொண்டிருப்பார். மழைக்கு ஊர் வந்திருந்தார். ஊரடங்கின்போது அங்கே ஒரு கிராமத்தில் லாரியோடு மாட்டிக்கொண்ட கதையை யார் கேட்டாலும் சொல்வார். அந்த ஊர் ஸ்கூலில் தங்கவைத்து, ஊரடங்கு முடிகிறவரைக்கும் சத்துணவு அரிசியைச் சமைத்துப் போட்டார்களாம். தெய்வம் மாதிரி சனம் என்று கண் கலங்கச் சொல்லி முடித்தார். பிறகு முள்ளைக் கடைசி முகத்துக்குத் தள்ளினார்.

"அங்க உங்களுக்குப் போட்டாங்களேங்கண்ணா" என்றாள் அறிவுச்செல்வி.

"அது வேற அம்மணி."

"எப்படிங்க வேற?"

சென்றாயன் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு நேர்மையாக யோசித்தார். "அங்க போனது நாங்க."

இத்தனை முகச்சுளிப்புக்கும் காரணம் எங்கே இருக்கிறது என்று பார்க்க அவள் அங்கன்வாடிக்குப் போனாள். அது ஒரே ஒரு குழந்தை. பெயர் மைனா. நாலரை வயது. பண்ணை வேலைக்காரர் லக்கனுடைய மகள். கைக்குழந்தையாக வந்தவள், அவள் பேசத் தொடங்கியதே இந்த ஊரில்தான். வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்த அறிவுச்செல்வியிடம் ஓடிவந்தாள்.

"வாங்க்கா. உக்காருங்க. தண்ணி குடிக்கறீங்களா?"

"இதுதான் இங்க எனக்கு மேல டீச்சர்" என்றாள் அங்கன்வாடிப் பணியாளர் அமுதவல்லி. "வந்தவங்கள உபசரிக்காம உடாது." பிறகு குரலைத் தாழ்த்தினாள். "வந்தப்ப எடை அட்டையில சிவப்புல கெடந்துச்சு புள்ளை. இப்பத்தான் மஞ்சளுக்கு வந்திருக்குது. இன்னும் கொஞ்ச நாளு ஒழுங்காத் தின்னா பச்சைக்கு வந்துரும். அதுக்குள்ள யாரும் கையை வெக்காம இருக்கோணும்."

அன்று முட்டை நாள். மற்றப் பிள்ளைகள் மஞ்சள் கருவை ஒதுக்கிவிட்டு வெள்ளையைத் தின்றார்கள். மைனா வெள்ளையை முதலில் தின்று, மஞ்சளைத் தட்டின் ஓரத்தில் கடைசிவரை வைத்திருந்தாள். எல்லோரும் எழுந்துபோன பிறகு கண்ணை மூடிக்கொண்டு அதை வாயில் போட்டாள்.

மையத்தின் கூட்டத்தில் அறிவுச்செல்வி முள்ளின் அளவுகளை வாசித்தாள். சுத்தியல் ஓய்ந்த இடைவெளியில் வெள்ளியங்கிரி எழுந்தார்.

"நம்ம மக்கள் தங்கமான மக்கள். அவங்க மனசுல ஈரம் இருக்கு. பிரச்சனை மனசுல இல்லை, கண்ணுல. பார்த்தாத்தானே சுளிக்கிறாங்க. பார்க்கலேன்னா?" சுத்தியல் அடித்தது. காத்திருந்தார். "குழந்தைக்குச் சோறும் நிக்கக் கூடாது, மக்கள் முகமும் சுளிக்கக் கூடாது. ரெண்டுக்கும் நடுவுல அரசு என்ன பண்ணும்? ஒரு திரை போடும்."

அந்த வாரமே அங்கன்வாடியின் ஒரு மூலையை அடைத்துப் பச்சைத் திரை தொங்கியது. மையத்தின் பெயர் அதில் பெரிதாக அச்சிடப்பட்டிருந்தது. மைனா அதற்குப் பின்னால் உட்கார்ந்து சாப்பிட வேண்டும், படிக்க வேண்டும். மையத்துக்கு அப்படி ஓர் அதிகாரம் உண்டா என்று அமுதவல்லி கேட்டாள். யாருக்கும் தெரியவில்லை. ஆனால் திரை வந்துவிட்டது; மாட்டுவதற்குக் கம்பியும் வந்துவிட்டது.

முதல் நாள் மைனாவுக்கு ஒரே சந்தோஷம். "எனக்கு மட்டும் ரூமுங்களா?" என்று கேட்டாள். டீச்சர் பாட்டுச் சொன்னால் திரைக்குப் பின்னாலிருந்துதான் முதல் குரல் வந்தது. மற்றக் குழந்தைகள் திரையைப் பார்த்தே கூடப் பாடினார்கள். இரண்டாம் நாள் அவள் திரையின் அடியில் தலையை விட்டு, "யாராச்சும் வாங்க" என்று கூப்பிட்டாள். திரைக்குள் போகக் கூடாது என்று பிள்ளைகளுக்கு வீட்டில் சொல்லி அனுப்பியிருந்தார்கள்.

மறு அளவீட்டுக்கு அறிவுச்செல்வி புது முட்டையோடு போனாள். முள் குறையும் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள். முன்பு ஒன்றிரண்டு பேர் நடு முகத்திலாவது வைத்தார்கள். இப்போது அவர்களும் கடைசி முகத்துக்கு வந்திருந்தார்கள்.

"எத்தன புள்ளைங்க கண்ணு திரைக்குப் பின்னாடி?" என்று கேட்டாள் பாப்பாயி.

"ஒண்ணுதாங்க. உங்க பண்ணை மைனாதான்."

"மைனா சரி. மத்தது?"

"மத்ததுன்னு யாருமில்லீங்க."

பாப்பாயி அவளைப் பரிதாபமாகப் பார்த்தாள். "ஒரு புள்ளைக்கு எவனாச்சும் திரை போடுவானா அம்மணி? நீ சின்னப் புள்ளை. உங்கிட்டச் சொல்லமாட்டாங்க."

அந்தக் கேள்வி அறிவுச்செல்வியை உலுக்கிவிட்டது. நியாயமாகத்தான் இருந்தது. பஸ்ஸுக்குப் போகிற வழியில் அங்கன்வாடிக்குத் திரும்பிப் போய், திரையை விலக்கிப் பார்த்தாள். மைனா மட்டும்தான் இருந்தாள். அப்படியும் பஸ்ஸில் உட்கார்ந்த பிறகு, சரியாகப் பார்த்தோமா என்று இருந்தது.

டீக்கடையில் பன்னிரண்டு பேர் என்றார்கள். மல்லசமுத்திரம் சந்தைக்குப் போனபோது இருபது ஆனது. எல்லாப் பண்ணையிலிருந்தும் விடியுமுன்னே வேனில் கொண்டுவந்து இறக்குகிறார்களாம். நம் பிள்ளைகளுக்கு அரை முட்டை, அங்கே ஆளுக்கு ரெண்டாம். அந்த வேனை மூன்று பேர் பார்த்திருந்தார்கள். மூன்று பேரும் மூன்று நிறம் சொன்னார்கள்.

வெள்ளியங்கிரி இதை ஆழ்ந்து பரிசீலித்தார். "சத்தம்" என்றார். "கண்ணை மூடினோம், காதை மூடலை." மைனா பாடக் கூடாது என்று உத்தரவு வந்தது. எவர்சில்வர் தட்டுக்குப் பதிலாகப் பாக்குமட்டைத் தட்டு வந்தது. குழந்தை திரைக்குப் பின்னால் சத்தமில்லாமல் சாப்பிட்டது.

"பாத்தீங்களா" என்றார் சென்றாயன் டீக்கடையில். "அத்தன பேரு உள்ள இருந்தும் ஒரு சத்தங்கூட இல்லை. எப்படிப் பழக்கி வெச்சிருக்கறாங்க."

முள்ளுக்கு அதற்கு மேல் போக இடமில்லை. பலகையில் இன்னொரு முகம் வரைந்து சேர்த்தார்கள். சேர்த்த அன்றே எல்லோரும் அதற்கு மாறிவிட்டார்கள். சின்னண்ணன் லக்கனைக் கூப்பிட்டு, இனிமேல் பிள்ளையை அங்கே அனுப்பாதே, ஊரில் என் பெயர் கெடுகிறது என்றார். மையமும் அதே நாளில் தற்காலிக நிறுத்தம் என்று ஒரு குறிப்பு அனுப்பியது. மைனா வருவது நின்றது.

அதன் பிறகுதான் ஊர் உண்மையிலேயே பயந்தது.

அங்கன்வாடியைத் தாண்டிப் போகிறவர்கள் பேச்சை நிறுத்திக்கொண்டு நடந்தார்கள். ஜன்னல் வழியே பச்சைத் துணி தெரியும். காற்று அடித்தால் அது உள்ளேயிருந்து யாரோ முட்டியது போல உப்பும், அடங்கும். பொழுது சாயும் நேரத்தில் திரையின் அடியில் சின்னச் சின்னப் பாதங்களை வரிசையாகப் பார்த்ததாகச் சென்றாயன் சொன்னார். எந்தக் காட்டிலும் தனியாகப் படுத்து எழுந்த மனுஷன்; அன்றைக்கு வீட்டுக்குப் போகத் துணைக்கு ஆள் கூப்பிட்டார். அமுதவல்லி கூட்டும்போது அந்த மூலையை விட்டுவிட்டுக் கூட்டினாள்.

"உங்களுக்கே தெரியும் ஒருத்தருமில்லேன்னு. ஏங்க்கா அங்க போறதில்லை?" என்று கேட்டாள் அறிவுச்செல்வி.

"தெரியும்" என்றாள் அமுதவல்லி. துடைப்பத்தைச் சுவரில் சாத்தினாள். "ஆனா அழுகிற மாதிரி இருக்குது. நான் துரத்திவிட்ட மாதிரி இருக்குது. போயி எட்டிப் பாத்தா ஏதாச்சும் கேட்டுப்புடுமோன்னு இருக்குது."

அன்று நாட்குறிப்பில் அறிவுச்செல்வி, 'பாக்குமட்டையில் விரல் வழிக்கும் சத்தம் கேட்டது' என்று எழுதி, 'கேட்டது' என்பதை அடித்து, 'கேட்டது போல' என்று எழுதி, அதையும் அடித்தாள்.

இதற்குள் எண்ணிக்கை நாற்பதாகியிருந்தது. நாற்பது வடக்கத்திப் பிள்ளைகள் நடுவில் நம் பிள்ளையை எப்படி விடுவது என்று பெற்றோர் ஒவ்வொருவராக நிறுத்தினார்கள். கடைசியாக நின்றது துணி துவைக்கப் போகும் அங்கம்மாளின் பேரன். அங்கம்மாளுக்கு அந்தச் சோற்றை விட்டால் பகலில் பையனுக்குப் போட வேறு வழியில்லை. ஆனாலும் நிறுத்தினாள். "எம் பையன் பட்டினி கெடந்தாலும் கெடக்கட்டும். எல்லாரும் நிறுத்தி இதை மூடினாத்தான் அவனுகளும் திங்க முடியாது" என்றாள். அங்கன்வாடியில் பிள்ளைகள் யாருமில்லை. திரை மட்டும் இருந்தது.

வெள்ளியங்கிரி இதற்கும் ஒரு வழி வைத்திருந்தார். மக்களின் ஐயத்தைப் போக்கத் திரை திறப்பு விழா. பந்தல் போட்டார்கள், நாதஸ்வரம் வைத்தார்கள், திரையின் ஓரத்தில் கயிறு கட்டி, இழுப்பதற்குக் குஞ்சமும் வைத்தார்கள். ஊர் மொத்தமும் வந்தது. அங்கன்வாடி திறந்த நாளில்கூட அத்தனை பேர் வரவில்லை.

"அன்பார்ந்த பொதுமக்களே" என்றார் வெள்ளியங்கிரி. "உங்கள் வரிப்பணத்தில் ஒரு பருக்கைகூட உங்களை அறியாமல் வெளியே போகாது என்பதை இந்த அரங்கிலே நான் ஆணித்தரமாகச் சொல்லிக்கொள்கிறேன். கொடுப்பது பெரிதல்ல. கொடுக்காமல் இருக்கிறோம் என்று மக்கள் நம்பும்படி கொடுப்பதுதான் நல்ல நிர்வாகம். இந்தத் திரைக்குப் பின்னால் யாரும் இல்லை. யாரும் இல்லாத இந்த நிலையை அடைய மையம் இரவு பகலாக உழைத்திருக்கிறது."

கைதட்டினார்கள். அவர் குஞ்சத்தை இழுத்தார்.

மூலையில் யாருமில்லை. ஒரு சின்னப் பாய் சுருட்டி வைத்திருந்தது. ஆனால் சுவர் சும்மா இல்லை. குழந்தை உட்கார்ந்தால் கை எட்டும் உயரத்தில், இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம்வரைக்கும், சாக்பீஸிலும் கரியிலும் வரிசையாகப் பிள்ளைகள். வட்டத் தலை, குச்சிக் கை, குச்சிக் கால். சிலதுக்கு இரட்டைச் சடை, ஒன்றுக்குக் கண்ணாடி. ஒவ்வொன்றின் முன்னாலும் ஒரு தட்டு, ஒவ்வொரு தட்டிலும் முட்டை. எல்லா முகமும் சிரித்தது.

நாதஸ்வரம் நின்றது. பிறகு பாப்பாயி மெதுவாகச் சொன்னாள்.

"நாந்தான் சொன்னனே. இருந்திருக்கறாங்க."

"எண்ணுங்கய்யா" என்றது ஒரு குரல். எண்ணினார்கள். கூட்டத்தில் ஒருவர் எண்ணியது இன்னொருவருக்கு ஒத்துவரவில்லை. சிலர் சுருட்டிய பாய்க்குப் பின்னால் பாதி மறைந்த உருவத்தையும் சேர்த்தார்கள். நாற்பதுக்குக் கொஞ்சம் குறைவாக இருந்தது; குறைந்ததை எங்கே ஒளித்து வைத்திருக்கிறீர்கள் என்று சின்னண்ணன் கேட்டார்.

"படந்தானுங்க அது" என்றாள் அறிவுச்செல்வி. தன் குரல் தனக்கே கேட்கவில்லை. இன்னொரு முறை சொன்னாள். "மைனா தனியா உக்காந்து வரைஞ்ச படமுங்க."

"ஆளு இல்லாம எப்படி அம்மணி வரைவாங்க?" என்றார் சென்றாயன். கோபமாக இல்லை, உண்மையாகவே கேட்டார். "பாத்தாத்தானே வரைய முடியும்."

அங்கம்மாள் சுவருக்குப் பக்கத்தில் வந்தாள். ஒரு குச்சிப் பிள்ளையின் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு பேரனை இடுப்பில் தூக்கிக்கொண்டு, சுவருக்கு முதுகைக் காட்டாமல் பின்னாலேயே நடந்து வெளியே போனாள்.

கூட்டம் கலைந்த பிறகு வெள்ளியங்கிரி நெற்றியைத் துடைத்துக்கொண்டு அவளிடம் வந்தார். "சுவத்துக்கு வெள்ளை அடிக்கச் சொல்லியிருக்கேன். அறிக்கையில, திரைக்குப் பின்னால இருந்தவங்கன்னு ஒரு வரி இருக்கு. நாற்பதுன்னு போட்டுரு."

"ஒருத்தருமில்லீங்களே சார்."

"இல்லேன்னு எழுதினா என்ன ஆகும்? யாருமே இல்லாததுக்கு இவ்வளவு எதிர்ப்பு வந்திருக்குன்னு ஆகும். அப்ப நம்ம பலகை தப்புன்னு ஆகும். பலகை தப்புன்னா மையம் எதுக்கும்மா?" அவர் குரல் கனிந்தது. "உன்னோட ஆறு மாசம் இந்த வாரம் முடியுது. நாளைக்குக் காலையில எட்டரைக்கெல்லாம் நாமக்கல் வந்து அறிக்கையில கையெழுத்துப் போடு. நான் உன்னோடதுல போடறேன்."

அறிவுச்செல்வி தலையாட்டினாள். தலையாட்டியது சம்மதம்தானா என்று அவளுக்கே தெரியவில்லை. கால்கள் பஸ் ஸ்டாப்புக்குப் போகாமல் பண்ணைப் பக்கம் நடந்தன.

பண்ணையின் கடைசிக் கொட்டகைக்குப் பின்னால் லக்கன் குடும்பத்தின் அறை. கொட்டகைகளில் அப்போதுதான் முட்டை சேகரித்து முடித்திருந்தார்கள். தள்ளுவண்டியில் அட்டைகள் அவளைத் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தன. மைனாவின் அம்மா புத்னி வாசலில் கையைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"மைனா இல்லீங்களா?"

புத்னி தாடையால் உள்ளே காட்டினாள். "சாப்புடுது."

ஒரே அறை. உள்ளே யாரும் தெரியவில்லை. கட்டில் காலுக்கும் ஜன்னல் கம்பிக்கும் நடுவே பழைய சேலை ஒன்று கட்டித் தொங்கவிடப்பட்டிருந்தது. கட்டியவர் உயரமில்லாதவர், ஒரு பக்கம் தரையில் இழுபட்டது. அதற்குப் பின்னால் யாரோ மெல்லும் சத்தம்.

"நான் கட்டல" என்றாள் புத்னி. "அதுவே கட்டுது. தெனம்."

அறிவுச்செல்வி தரையில் உட்கார்ந்தாள். "மைனா, அக்கா வந்திருக்கேன். வெளிய வா சாமி."

மெல்லுவது நின்றது. "சாப்புட்டு வாரனுங்க்கா."

"வெளியவே சாப்புடலாமே. இங்க உங்கம்மாவும் நானுந்தான் இருக்கறோம்."

"வேண்டாங்க." சேலைக்குப் பின்னாலிருந்து வந்த குரலில் வருத்தமே இல்லை. விளக்கிச் சொல்லும் குரல். "நான் திங்கறதப் பாத்தா எல்லாத்துக்கும் வயிறு நோகுமுங்க. அதுக்குத்தான் பசங்கெல்லாம் ஸ்கூலுக்கு வாரதில்லை."

"யாரு சொன்னா?"

"யாரும் சொல்லல. எனக்கே தெரியுமுங்க."

தள்ளுவண்டி ஒன்று வெளியே கடகடத்துப் போனது. அறிவுச்செல்வி சேலைக்குப் பக்கத்தில் நகர்ந்து உட்கார்ந்தாள். "அந்தச் சுவத்துல யாரைக் கண்ணு வரைஞ்சே?" என்று கேட்டாள்.

"எங்கூட உக்காந்து சாப்புடறவங்க." கொஞ்சம் யோசித்துச் சொன்னாள். "அவங்களுக்கு வயிறு நோகாது."

சேலையின் அடியில் கைகழுவின தண்ணீர் நெளிந்து வந்தது. அதைத் தொடர்ந்து ஒரு கை வெளியே வந்து, தட்டைத் தள்ளி வைத்துவிட்டு உள்ளே போனது. மணிக்கட்டு அறிவுச்செல்வியின் இரண்டு விரல் கனம்தான் இருந்தது. போன மாதம் அவளுக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்த அதே கை என்று நம்பச் சிரமமாக இருந்தது.

வழியில் அங்கன்வாடிக்குப் போய் அமுதவல்லியிடம் பேசிவிட்டு, திருச்செங்கோட்டு வகுப்புக்கு வந்து சேர்ந்தபோது ஆசிரியர் பாதிப் பாடம் நடத்தியிருந்தார். அவள் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து நோட்டைத் திறந்தாள். முதல் முறையாக, அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதினாள்.

16-7-2025, புதன்.

நாளை வியாழன், முட்டை நாள். எட்டரை மணிக்கு நாமக்கல்லில் இருக்கச் சொல்லியிருக்கிறார்கள். அதே நேரத்தில் பண்ணையிலும் இருக்க முடியாது. நாமக்கல் போகவில்லை.

நாளை செய்ய வேண்டியது: பண்ணைக்குப் போய் மைனாவைக் கூட்டிக்கொண்டு அங்கன்வாடிக்குப் போக வேண்டும். தெருவில் போகிறவர்களுக்குத் தெரியும்படி வாசலில் பாய் விரிக்க வேண்டும். அவளுக்கு எதிரே நான் உட்கார வேண்டும். அரிசி ஒரு குழந்தைக்கு மட்டும் போட்டால் போதும் என்று அமுதவல்லி அக்காவிடம் சொல்லியிருக்கிறேன்.